நாற்பத்தேழாம் எண் பூட்டு

பூட்டு அருங்காட்சியகத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பூட்டுகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் வீட்டுக் கதவில் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு தாழ்ப்பாள் இருந்தது. மழைக்காலத்தில் கதவு ஊதிக்கொண்டால் அதுவும் ஏறாது. "ஊருக்கெல்லாம் பூட்டு காட்டுறவ வீட்டுக்கு ஒண்ணு வாங்க மாட்டேங்கிறா" என்று அவள் கணவர் வாரத்துக்கொரு முறை சொல்வார். "திருடன் வந்தா உங்களத்தான் எடுத்துட்டுப் போகணும். போகட்டும்" என்று அவளும் வாரத்துக்கொரு முறை பதில் சொல்வாள்.

வேலை செய்யும் இடத்தில் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெருக்கித் துடைக்க வந்தவள். தினக்கூலி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேலை முடிந்ததாக ஒரு தாளும், மறுநாள் தொடங்கியதாக இன்னொரு தாளும் கொடுத்துக் கொடுத்தே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் எந்தப் பூட்டுக்கு எத்தனை சுற்று, எதற்குச் சாவியை உள்ளே தள்ளிச் சற்றுப் பின்னால் இழுக்க வேண்டும், எது மழை நாளில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பாடமாகிவிட்டது. காப்பாளர்கள் மூன்று பேர் மாறினார்கள். பூட்டக்கா அப்படியே இருந்தாள்.

கடற்கரைச் சாலையின் கோடியில் இருந்த பழைய சரக்குக் கிடங்குகளைத் தடுத்து, வரிசையாக ஐந்து அருங்காட்சியகங்கள் வைத்திருந்தார்கள். முதலில் சிப்பி, அடுத்தது கடிகாரம், பிறகு குடை, பிறகு கப்பல் மாதிரிகள், கடைசியில் பூட்டு. ஐந்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். சிப்பியை வாயைப் பிளந்து பார்த்தவர்கள் குடைக்கு வரும்போது கொட்டாவி விடுவார்கள். பூட்டுக்கு வந்து சேரும்போது கால் கடுத்துப்போயிருக்கும். உள்ளே நுழைந்ததும் அவர்களில் பாதிப்பேர் கேட்கும் முதல் கேள்வி, "இங்க உட்கார இடம் இருக்கா?" என்பதுதான்.

அப்படி உட்கார்ந்துவிடுகிறவர்களை எழுப்ப அவளிடம் ஒரு வித்தை இருந்தது: நாற்பத்தேழாம் எண். கள்ளன்பிடிப் பூட்டு. ஒரு சின்னப் பூசணிக்காய் கனம் இருக்கும். தப்பான சாவியைப் போட்டுத் திருப்பினால், பக்கவாட்டில் மடிந்திருக்கும் இரும்பு வளையம் படாரென்று விரிந்து, திருப்பியவனின் மணிக்கட்டைக் கவ்விக்கொள்ளும். பிறகு சரியான சாவியால் மட்டும்தான் விடுதலை. அவள் தன் வலது கையையே கொடுத்து மாட்டிக்கொள்வாள். கூட்டம் 'ஐயோ' என்னும். இடது கையால் சரியான சாவியைப் போட்டுத் திறந்துகொள்வாள். கைதட்டுவார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மற்ற பூட்டுகளையும் பார்க்கத் தொடங்குவார்கள்.

புதிய காப்பாளர் வந்து அதை நிறுத்தினார். முப்பது வயதுக்காரர், படித்துவிட்டு வந்தவர். கெட்டவர் இல்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார், யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். "அக்கா, அது இருநூறு வருஷத்துப் பொருள். அதோட ஸ்பிரிங் தேய்ஞ்சா நம்மால வேற செய்ய முடியாது. இனிமே யாரும் தொடக் கூடாது" என்றார். ஆறு வாரம் ஆயிற்று. அவளும் அந்த வித்தையைக் காட்டவில்லை.

அன்று வரை.

அன்றைக்குப் பார்த்தா காட்ட வேண்டும்? பிற்பகல் மூன்று மணிக்குள் அவள் தலைமை அலுவலகத்தில் நிற்க வேண்டும். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நிரந்தரப் பணிக்கான பட்டியலில் அவள் பேர் வந்திருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு, கைரேகை, அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு மூன்று மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிச் சான்றிதழும் வருகைப் பதிவின் நகல்களும் பையில் தயார். காப்பாளர் தர வேண்டிய பராமரிப்புச் சான்று ஒன்றுதான் பாக்கி. அவர் மாடி அறையில் அதை எழுதிக்கொண்டிருந்தார். "பன்னண்டரைக்கு வாங்கிக்கங்க" என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் போக நாற்பது நிமிஷம்.

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு கூட்டம் வந்தது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள், பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தலைவிபோல் ஒரு முன்னாள் தலைமையாசிரியை, கையில் குடை. கூடத்தின் நடுவில் நின்று ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல ஒண்ணாவது வேலை செய்யுமா? இல்ல, எல்லாம் செத்த பூட்டா?"

பூட்டக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் சமையலில் உப்பில்லை என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வாள்.

"எல்லாமே வேலை செய்யும்மா."

"அதான் பாக்கிறேனே. கண்ணாடிக்குள்ள நல்லாத்தான் தூங்குது" என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கண்ணாடிப் பேழையின் சாவி பூட்டக்காவின் இடுப்பில் இருந்தது. மாடியில் காப்பாளரின் மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு நிமிஷ வேலை. திறந்தாள், நாற்பத்தேழை மேசைமேல் வைத்தாள், பொய்ச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். படார். 'ஐயோ' என்றார்கள். தலைமையாசிரியை எழுந்தே விட்டார். பூட்டக்கா சிரித்துக்கொண்டே இடது கையால் சரியான சாவியைப் போட்டாள்.

சாவி கால் சுற்றுக்குமேல் போகவில்லை.

உள்ளே தள்ளிச் சற்றுப் பின்னால் இழுத்தாள். போகவில்லை. எடுத்து ஊதிவிட்டுப் போட்டாள். கூட்டம் இன்னும் கைதட்டத் தயாராக நின்றது. அவள் முதுகில், அந்தக் குளிரிலும், வியர்வை ஒரு கோடாக இறங்கியது.

குளிர் என்றால், அந்தக் கூடத்துக்கு அது புதுசு. நாலு நாளாகத்தான் ஏசி ஓடுகிறது. புதிய காப்பாளர் வாங்கிக்கொடுத்தது. பூட்டுகளின் உள்ளே மஞ்சளாக ஏதோ ஒரு பிசின் படிந்திருப்பதைக் கண்டுபிடித்து, கடல் காற்றின் உப்பும் ஈரமும்தான் காரணம் என்று தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்க அறிக்கை அனுப்பினார். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் ஏசி வந்தது. இருபது டிகிரியில் வைத்து, யாரும் மாற்றக் கூடாது என்று ஒட்டியும் வைத்தார். டிக்கெட் கொடுக்கிற பெண் நாலு நாளாகத் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள்தான் முதலில் ஓடிவந்தாள். "என்னக்கா? வரலையா?"

"வந்துரும்."

"மணி பன்னண்டே முக்கால்."

"மணி எனக்கும் தெரியும்டி. நீ போய்..." போய் என்ன செய்யச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். மணிக்கட்டைச் சுற்றி வளையம் இறுகினாற்போல் இருந்தது. இரும்பு இறுகாது, கைதான் வீங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுக் காப்பாளர் இறங்கி வந்தார். கையில் மூடி கழற்றிய பேனா. மேசையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"வலிக்குதாக்கா?"

"இல்ல சார்."

அவரே சாவியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். சாவியின் மூக்கில் வெள்ளையும் மஞ்சளுமாக மெழுகுபோல் ஒரு பசை. "பாருங்க, அதே படிவு. நான் அப்பவே எழுதினேன். ஏசி வந்தும் உள்ள இருக்கறது போகல. உங்க மேல தப்பில்லக்கா. பூட்டு இருந்த நிலை அப்படி."

தலைமையாசிரியைக்கு மனசு கேட்கவில்லை. "நான்தான் சார் தூண்டிவிட்டேன். என் வாய் சும்மா இருக்கல."

"மூணு மணிக்கு அவங்க அங்க இருக்கணும்மா. வேற வழி இல்ல, வளையத்த வெட்டிர வேண்டியதுதான்" என்றார் காப்பாளர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் பூட்டைப் பார்க்கவில்லை. செல்போனை எடுத்தார். தீயணைப்பு நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான். இரும்பு வெட்டும் கருவியோடு கால் மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார்கள். "விபத்துன்னு நான் எழுதிடறேன். நீங்க கவலப்படாதீங்க."

"அதுக்குள்ள எண்ணெய் விட்டுப் பாக்கலாமே சார்" என்றாள் டிக்கெட் பெண். "அக்கா பையில எப்பவும் தேங்கா எண்ணெ இருக்கும். நான்கூட எடுத்துத் தலைல தடவிக்குவேன்." யாரும் கேட்காமலேயே ஓடிப்போய், கூடத்து மூலையில் இருந்த அலமாரியிலிருந்து குப்பியை எடுத்து வந்தாள். சாவித் துளைக்கு மேலே கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. குப்பிக்குள் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. "ச்சே, இந்தக் குளிர்ல இதுவும் கல்லாயிருச்சு."

பூட்டக்கா குப்பியைப் பார்த்தாள். சாவி மூக்கில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தாள்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம், பூட்டுகளுக்குப் போட எண்ணெய் வேண்டும் என்று அப்போதைய காப்பாளரிடம் கேட்டிருந்தாள். தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கிறது. பூட்டுகள் அவள் கண்ணெதிரே துருப்பிடித்தன. ஒரு திங்கட்கிழமை, விடுமுறை நாளில், வீட்டுக் குப்பியைக் கொண்டுவந்து, ஒரு கோழி இறகால் தொட்டுத் தொட்டுப் போட்டாள். பூட்டு வெண்ணெயாகத் திறந்தது. அன்று தொடங்கியது. காட்சிப் பொருள்மேல் எந்தப் பூச்சும் போடக் கூடாது என்று சுவரில் விதி இருந்தது. அதைத் தூசி தட்டி வைப்பதும் அவள்தான். புதியவர் மஞ்சள் படிவு என்று ஆராய்ந்தபோது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஏசி ஓடத் தொடங்குவதற்கு முந்தைய நாள், இனி யாரும் திறக்காத நாற்பத்தேழு துருப்பிடித்துவிடக் கூடாதே என்று, இரண்டு பங்கு ஊற்றியிருந்தாள்.

இப்போது அதன் வயிற்றில் அவ்வளவும் குப்பியில் இருப்பதுபோலவே உறைந்து கிடக்கும். கடல் காற்றும் இல்லை, உப்பும் இல்லை.

பேசாமல் இருந்தால் பத்து நிமிஷத்தில் கை வெளியே வரும். விபத்து என்று எழுதிவிடுவார். சான்று வந்துவிடும். மூன்று மணிக்கு அங்கே நிற்கலாம். வாயைத் திறந்தால், பராமரிப்புச் சான்று எழுதுகிற மனிதரிடமே, பராமரிப்பில் பதினோரு வருஷம் விதியை மீறினேன் என்று சொன்னதாகும். அதோடு போகுமா? அவருடைய மூன்று பக்கமும் கிழியும். எந்த அதிகாரிக்குத் தன் தப்பைக் காட்டினவள்மேல் பிரியம் வரும்? மகளின் நர்சிங் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஐஸ் ஃபாக்டரியில் பாளம் சுமக்கும் கணவரின் தோள்பட்டை இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கே தெரியாது.

வளையத்தின் மேல் வரிசையாகச் சுத்தியல் தடங்கள் இருந்தன. எவனோ ஒருவன் அடித்தவை. ஒவ்வொரு திங்களும் துணி அவற்றின்மேல் ஏறி இறங்குவது அவள் விரலுக்குத் தெரியும். பதினேழு தடம். வெட்டினால் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில்தான் வெட்டுவார்கள்.

"சார்" என்றாள். "சார், அது படிவு இல்ல. தேங்கா எண்ணெ."

"எது?"

"உள்ள இருக்கறது. நான் போட்டது."

காப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "இதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும். திங்கக்கெழம திங்கக்கெழம."

"எத்தன நாளா?"

"சேர்ந்ததுலேருந்து சார்."

டிக்கெட் பெண் குப்பியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும்.

"நான் மூணு பக்கம் எழுதினேன்" என்றார் காப்பாளர். கோபமாகச் சொல்லவில்லை. காணாமல்போன பொருளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

"தெரியும் சார். வெட்ட வேணாம் சார். சூடு பட்டா உருகிரும். வெளிய வெயில் கொளுத்துது."

"நிச்சயமாத் திறக்குமா?"

பூட்டக்கா பொய் சொல்லவில்லை. "தெரியாது சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐந்து. "ரெண்டு மணி வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறம் வெட்டிருவேன்."

ஆனாலும் காட்சிப் பொருளைக் கூடத்தைவிட்டு வெளியே எடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த அவசரத்திலும் அவர் அதை விடவில்லை. 'எண் 47, முற்றத்துக்கு, காரணம்: வெப்பப்படுத்துதல்' என்று எழுதி, எடுத்துச் செல்பவர் கையொப்பம் என்ற கட்டத்தைக் காட்டினார். அவள் இடது கையால் கோழி கிளறினாற்போல் ஒரு கையெழுத்துப் போட்டாள். ஏசியையும் அவரே நிறுத்தினார்.

முற்றத்தில் நிழல் என்று சொல்ல ஒரு முழம்கூட இல்லை. சிமென்ட் பெஞ்சில் பூட்டை வைத்து, அதோடு ஒட்டிப் பிறந்தவள்போல் உட்கார்ந்தாள். தலைமையாசிரியை பின்னாலேயே வந்து குடையை விரித்து அவள்மேல் பிடித்தார்.

"அம்மா, குடை வேணாம்மா. வெயில்தான் வேணும்."

"வெயில் பூட்டுக்கு. குடை உனக்கு" என்று அவர் குடையைச் சாய்த்து, நிழல் அவள் தலையில் மட்டும் விழும்படி பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷம் வகுப்பில் நின்ற கால், அசையவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் வெட்டும் கருவி. விஷயத்தைக் கேட்டுவிட்டு மூத்தவர் சிரிக்காமல் சொன்னார்: "நாங்க சூட்டத் தணிக்கிறவங்க சார். சூடேத்தறதுக்கு எங்கள எதுக்குக் கூப்பிட்டீங்க?" டிக்கெட் பெண் மட்டும் சிரித்தாள். அவர்கள் வண்டியின் நிழலில் கை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒன்று இருபதுக்குச் சாவி அதே கால் சுற்று. ஒன்று முப்பதுக்கும் அதே. இரும்பு தொட முடியாமல் சுட ஆரம்பித்தது. வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே டிக்கெட் பெண்ணின் தலைத்துண்டைத் திணித்தார்கள். விரல்கள் கத்தரிக்காய்போல் பளபளத்தன. அந்தக் கைரேகையை எந்த இயந்திரம் ஏற்கும் என்று ஒரு புதுக் கவலை வந்தது. ஏற்கெனவே இருந்த கவலைகள் நகர்ந்து அதற்கும் இடம் கொடுத்தன.

ஒன்று நாற்பத்தைந்து. காப்பாளர் தீயணைப்புக்காரரைப் பார்த்தார். அவர் கருவியை எடுத்து உறையைக் கழற்றினார்.

"சார், இன்னும் கால் மணி நேரம் இருக்கு" என்றாள் பூட்டக்கா.

"கையப் பாருங்கக்கா."

"கை என்னுது சார்."

சாவியைத் திருப்பவில்லை. உள்ளே விட்டு, சும்மா பிடித்துக்கொண்டாள், தூங்குகிற குழந்தையை எழுப்பலாமா வேண்டாமா என்று தொட்டுப்பார்ப்பதுபோல். சாவியின் தண்டு வழியாக ஒரு சொட்டு வழிந்து உள்ளங்கைக்கு வந்தது. தெளிந்த எண்ணெய். அடுத்தது. அதற்கடுத்தது. உள்ளே எங்கோ ஒரு தகடு 'டக்' என்று தன் இடத்தில் விழுவது விரலுக்குத் தெரிந்தது. இன்னொன்று. தள்ளிப் பின்னால் இழுத்தாள். சாவி, எதுவும் நடக்காததுபோல், முழுச் சுற்றும் சுற்றியது.

யாரும் கைதட்டவில்லை. தலைமையாசிரியை குடையை மடக்கிவிட்டுப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

காப்பாளர் பூட்டைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிஷம் கழித்து ஒட்டிய உறை ஒன்றோடு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கிளம்புங்க" என்றார். பிறகு, "நாளைக்கு எல்லாப் பூட்டையும் பிரிச்சுத் துடைக்கணும். ஒண்ணாம் நம்பர்லேருந்து" என்றார். யார் துடைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆட்டோவில் உறையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தடித்த தாள். ஒட்டியது ஒட்டியதுதான். முன்னூற்றுப் பன்னிரண்டு பூட்டைத் திறக்கத் தெரிந்தவளுக்கு ஒரு காகித உறையைத் திறக்கத் தைரியமில்லை.

வரிசையில் நகர்ந்து, இரண்டு ஐம்பதுக்குத் தலைமை அலுவலகக் கவுண்டரில் நின்றாள். எழுத்தர் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார், நகல்களை எண்ணினார். "வலது கட்டைவிரல்" என்றார். இயந்திரம் சிவப்பு காட்டியது. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு.

"கைல என்னம்மா?"

"எண்ணெ சார். கொஞ்சம் வீங்கியிருக்கு."

"இடது வையுங்க."

பச்சை.

பிறகு உறையைக் கிழித்தார். அவள் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மேலிருந்து கீழே போயிற்று. ஓர் இடத்தில் நின்றது. மறுபடியும் மேலே போயிற்று. பின்சுவரில் கடிகாரம் இரண்டு ஐம்பத்தாறு என்றது.

"நேர்மை, மிக நன்று. வருகை, மிக நன்று." அலுத்த குரலில் வாசித்தார். "பொருள் பராமரிப்பு..." தாளைக் கிட்டே கொண்டுபோனார். "ஆர்வம் உண்டு, பயிற்சி தேவை. இப்படி யாரும் எழுதிப் பாத்ததில்லயே. எத்தன வருஷமா இருக்கீங்க?"

"பதினொண்ணு."

"பதினோரு வருஷம் இருந்தும் பயிற்சி தேவையா?"

அவளுக்குக் காது சுட்டது. அந்தச் சுடு வெயிலில் சுடாத காது. "ஆமா சார்" என்றாள். "தேவைதான்."

எழுத்தர் பக்கத்து மேசைக்காரரிடம் தாளைக் காட்டினார். இரண்டு பேரும் தணிந்த குரலில் ஏதோ பேசினார்கள். பிறகு அவர் ஒரு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிய பக்கமெல்லாம் அவளுக்குப் பின்னுக்குப் போகிற காலண்டராகத் தெரிந்தது.

"தடையில்ல" என்று கடைசியில் முத்திரையை எடுத்தார். "ஆனா பயிற்சின்னு எழுதிட்டாரு. அதனால ஆர்டர் வந்ததும் ரெண்டு வாரம் இங்க வகுப்புக்கு வரணும். வருவீங்களா?"

"வருவேன் சார்."

முத்திரை விழுந்தது. "அடுத்தவங்க" என்று அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

நகர்ந்தவள் திரும்பி வந்தாள். "சார், அந்த வகுப்புல எண்ணெ எது போடணும்னு சொல்லித் தருவாங்களா?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"இல்ல, நாளைக்கே வேணும். அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, வீங்கிய கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.